டாக்டர் சொல்லாத ‘ஒண்ணும் இல்ல’

போன மாதம் தர்ஷினி வாட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்பினாள். நான் பணி ஓய்வு பெற்ற பிறகு, காது மூக்கு தொண்டை கிளினிக்கில் என் இடத்துக்கு வந்த தாதி அவள். தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர்களிடம் கொடுப்பதற்கு நான்கு மொழிகளில் ஒரு குறிப்பு தயாரிக்கிறார்களாம். தமிழ்ப் பகுதியைக் கைப்பேசியே மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டதாம். “அக்கா, சும்மா ஒரு பார்வ பாத்துட்டு ஓகேன்னு சொல்லுங்க லா” என்று கேட்டிருந்தாள்.

சும்மா பார்வை பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனாலும் பொறுமையாகத்தான் படித்தேன். ‘உமிழ்நீர்’ என்பது ‘உமி நீர்’ என்று இருந்ததைக்கூடத் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஆறாவது வரியில் என்னால் முடியவில்லை. “பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் கூறினால் கவலைப்பட வேண்டாம்” என்று இருந்தது. அந்த வரியை முழுவதுமாக அடித்துத் திருப்பி அனுப்பினேன். “ஏன்க்கா, அது கரெக்டாதானே இருக்கு?” என்று கேட்டாள். குரல் பதிவில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். எட்டு நிமிடம் ஓடியும் பாதிகூட வரவில்லை. எனக்கு வாய் அதிகம் என்று கிளினிக்கில் எல்லாருக்கும் தெரியும். அதனால் எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் மெர்லிமாவ் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். தாதியர் பயிற்சி மூன்று வருடம். அதில் இன்றைக்கு ஞாபகம் இருப்பது படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கும் விதமும், அதைச் சரியாக மடிக்காததற்கு வாங்கிய ஏச்சும்தான். பல வார்டுகளில் சுற்றிக்கொண்டே, பிரசவ வார்டு வேண்டும் என்று நான்கு தடவை எழுதிக் கேட்டேன். பிள்ளை பிறக்கும் இடத்தைக் கேட்டவளுக்கு மூக்கு ஒழுகும் இடத்தைக் கொடுத்தார்கள். முதல் வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தேன். அப்புறம் பதினெட்டு வருடம் அங்கிருந்து நகரவே இல்லை. அதற்குக் காரணம் டாக்டர் அஜிசா.

டாக்டர் அஜிசா சின்ன உருவம். நோயாளி உட்காரும் நாற்காலியைவிடத் தாழ்ந்த ஒரு முக்காலியில்தான் உட்காருவார். பேசும்போது கோப்பை மூடி என்னிடம் கொடுத்துவிடுவார். கோப்பு திறந்திருந்தால் வந்தவர் அதைத்தான் பார்ப்பார், டாக்டரின் முகத்தைப் பார்க்க மாட்டார் என்பது அவருடைய கணக்கு. யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கை கழுவும் நேரம் மட்டும் நீளும். தண்ணீர் நிற்காமல் ஓடினால் நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு மேசையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவோம்.

சிகிச்சை முடிந்து வருபவர்களுக்கு அவர் செய்யும் பரிசோதனை ஒரே ஒழுங்கில் நடக்கும். முதலில் எடை பார்ப்போம். பிறகு மூக்கில் மரத்துப் போகும் மருந்தை அடிப்போம். அது கசக்கும், தொண்டை அடைத்த மாதிரி இருக்கும், ஆனால் மூச்சு நிற்காது என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நுனியில் விளக்கும் கேமராவும் வைத்த மெல்லிய குழாயை மூக்கு வழியாக உள்ளே விடுவார். நான் நோயாளியின் பின்னந்தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்பேன். “ஈ சொல்லுங்க” என்பேன். திரையில் குரல் நாண்கள் இரண்டும் கூடி விலகும். முன்பெல்லாம் “எச்சில முழுங்குங்க” என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டாக்டர் நிறுத்தச் சொன்னார். கதிர்ச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு எச்சிலே ஊறாது, இல்லாததை விழுங்கச் சொன்னால் எதை விழுங்குவார்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னோம்.

குழாயை எடுத்த பிறகு பின்னால் போய் நின்று இரண்டு கைகளாலும் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். அப்போது கண்களை மூடிக்கொள்வார். பிறகு கை கழுவுவார், முக்காலியில் உட்காருவார், மலாயில் ஒரே வாக்கியம் சொல்லுவார். “ஹாரி இனி, சாயா தாக் நம்பாக் அப்பா-அப்பா.” இன்றைக்கு என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். ஆளுக்கு ஆள் அந்த வாக்கியத்தை அவர் மாற்றியதில்லை. எனக்கு அது ரொம்பக் கஞ்சத்தனமாகப் பட்டது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதனிடம் இன்னும் கொஞ்சம் தாராளமாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைப்பேன்.

நம் ஆட்களுக்கு மலாய் தெரியாமல் இல்லை. பாசாரில் மீன் வாங்கும்போது மலாயில் வெளுத்துக் கட்டுவார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து போகும். டாக்டர் ஒன்று சொன்னால் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மொழிபெயர்ப்பது என் வேலைப் பட்டியலில் கிடையாது. ஆனால் தமிழ் தெரிந்த ‘மிஸ்ஸி’, அதாவது தாதி, என்று அந்தக் கிளினிக்கில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

வீராசாமி அண்ணன் அப்படி என் முகத்தைப் பார்த்தவர். எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து, ஜாசினில் ஒரு தாமானில் வரிசை வீடு எடுத்துக் குடியிருந்தார். தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினார். குரல் கம்மிப் போய் மாதக் கணக்காகியும், எல்லாரையும் கத்திக் கூப்பிடுவதால் வந்த கம்மல் என்று விட்டுவிட்டார். எங்களிடம் வந்தபோது தொண்டையில் கட்டி இருந்தது. வெளியூரில் ஏறக்குறைய ஏழு வாரம் கதிர் சிகிச்சை. கழுத்துத் தோல் கருகி உரிந்தது. மூக்குக் குழாய் வழியாகப் பால் குடித்தார். அவர் மனைவி லெட்சுமி அக்கா அந்த ஏழு வாரமும் கூடவே இருந்தார்.

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். எங்கள் கிளினிக்கில் குழாய் விட்டும் பார்த்தோம். டாக்டர் கை கழுவி உட்கார்ந்து, வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். லெட்சுமி அக்கா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

“ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் சுத்தமா போயிடுச்சு” என்று சொன்னேன்.

யோசித்துச் சொன்னதில்லை. பிள்ளை கீழே விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு அழுதால் நாம் என்ன சொல்கிறோம்? ரத்தம் வந்தாலும் “ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றுதானே தூக்குகிறோம். அந்த வேகத்தில் வந்த வார்த்தை. லெட்சுமி அக்கா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். வீராசாமி அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்று முழுக்க எனக்கு நல்ல மனநிலை. நல்ல செய்தியை நல்ல விதமாகச் சொன்னோம் என்ற பெருமை வேறு.

அடுத்த பரிசோதனைக்கு அவர் வரவில்லை. வேன் வேலையாக இருக்கும் என்று வேறு தேதி கொடுத்தோம். அதற்கும் வரவில்லை. முதல் வருடத்தில் அடிக்கடி பார்த்தாக வேண்டும் என்பதால் வீட்டுக்குப் போன் செய்தேன். லெட்சுமி அக்காதான் எடுத்தார்.

“என்னாக்கா, அண்ணன் செக்கப்புக்கு வரலயே?”

“எதுக்கு மிஸ்ஸி வரணும்? ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவர் அத்தோடு நிறுத்தவில்லை. “ஒண்ணும் இல்லாத ஆளு பண்ற வேலையா மிஸ்ஸி இது? முனியாண்டி சாமிக்கு வேண்டியிருந்தேன், கெடா வெட்டி ஊரையே கூப்பிட்டு சாப்பாடு போட்டேன். மொத எலய இவருக்குத்தான் போட்டேன். ரெண்டு வாயி வச்சாரு, பொறை ஏறி இருமி, தட்டி விட்டுட்டு எழுந்து போயிட்டாரு. அத்தன பேரு முன்னால. எங்க நாத்தனா கேக்குறா, டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, அப்பறம் ஏன் அண்ணன் உன் சாப்பாட்ட தொட மாட்றாருன்னு. நான் என்னா சொல்லுவேன்? முப்பது வருஷமா என் கையால சாப்பிட்ட மனுசன், கொழம்பு மண்ணு மாதிரி இருக்குன்றாரு.”

போனை வைத்துவிட்டு நேராக டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நீ என்ன வார்த்தை சொன்னாய் என்று கேட்டார். ‘ஒண்ணும் இல்ல’ என்று சொன்னதை மலாயில் திருப்பிச் சொன்னேன். “தாக் அடா அப்பா-அப்பா.”

“சாயா காத்தா தாக் நம்பாக், சரோ. புக்கான் தாக் அடா” என்றார். நான் தெரியவில்லை என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை என்று அர்த்தம்.

அவ்வளவுதான். பிறகு எழுந்து போய்க் கை கழுவினார். அப்போது அவர் யாரையும் தொட்டிருக்கவில்லை. தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. குழாயை மூடிவிட்டுத் திரும்பி, அவரை எப்படியாவது வரவழை என்று சொன்னார். வீட்டுக்குப் போவதாக இருந்தால் சீருடை போட்டுக்கொண்டு போகாதே, பயந்துவிடுவார் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு ஜாசின் போனேன். வீட்டுக்கு எதிரே மரத்தடியில் வேன் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் வீராசாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் மைலோ டம்ளர், கையில் ரொட்டி. ரொட்டியை முக்கி, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தார்.

“இங்க ஏன்ணே உக்காந்து சாப்பிடுறீங்க?”

“வாங்க மிஸ்ஸி. உள்ள சாப்பிட்டா அவளுக்கு மனசு கஷ்டம். அவ ஆக்கி வச்சத விட்டுட்டு ரொட்டிய முக்கித் தின்னா யாருக்குத்தான் பொறுக்கும்?” குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது. “மொளகா போடாம வச்சாலும் வாயி எரியுது. ருசின்னு ஒண்ணுமே தெரியல. சோறு தொண்டையில நிக்குது, எறங்க மாட்டுது. ஒண்ணும் இல்லன்னு சொன்னப்பறம் இதெல்லாம் வெளிய சொன்னா நடிக்கிறான்னுதானே நெனப்பாங்க.”

பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். கதிர் வைத்தால் எச்சில் சுரப்பி காய்ந்து போகும், ருசி போகும், விழுங்கும் தசை இறுகிப் போகும், கொஞ்சம் திரும்பி வரும், சிலது வராமலும் போகும் என்று அவருக்குச் சொன்னேன். இதையெல்லாம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு நல்ல செய்தி சொல்லும் அவசரத்தில் இருந்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் மனது வேறு எதிலோ இருந்தது. வீட்டு வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுத் துண்டை அவிழ்த்தார்.

தாடைக்குக் கீழே வீங்கித் தொங்கியது.

“இது என்னா மிஸ்ஸி?”

“எப்பலேருந்துண்ணே?”

“கெடா வெட்டுக்கு முன்னாலயே. காலையில எழுந்தா பெருசா இருக்கும், சாயங்காலம் கொஞ்சம் வத்தும். தெனம் கண்ணாடியில பாக்குறேன்.” குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க. அதுக்கப்பறம்தான் இது வந்துச்சு. அப்ப இது புதுசுதானே? பழசு போயி புதுசு வந்திருக்கு.”

நான் சொன்ன ஒரு வார்த்தையை வைத்து மனைவி ஒரு பக்கம் கணக்குப் போட்டிருக்கிறார், இவர் வேறு பக்கம் கணக்குப் போட்டிருக்கிறார். ஒன்றும் இல்லையென்றால் ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறார் என்பது அக்காவுடைய கணக்கு. ஒன்றும் இல்லாத இடத்தில் வந்தது என்றால் அது மறுபடி வந்த நோய்தான் என்பது இவருடையது. இரண்டு கணக்கும் என் வாயிலிருந்து பிறந்தவை.

“அதுக்குத்தானேண்ணே ஒடனே வரணும்?”

“வந்தா இதுக்கு நோய்னு பேரு வச்சிருவாங்க மிஸ்ஸி. பேரு வைக்காத வரைக்கும் அவளாச்சும் நிம்மதியா தூங்குறா.”

இந்த மாதிரி வீக்கத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கதிர் பட்ட கழுத்தில் நிணநீர் வடியாமல் தேங்கிக் காலையில் வீங்கும். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ‘ஒண்ணும் இல்லண்ணே’ என்ற வார்த்தை மறுபடியும் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெரும்பாலும் என்பது இவருக்கும் பொருந்தும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“எனக்குத் தெரியலண்ணே. டாக்டர் பாக்கணும்” என்று மட்டும் சொன்னேன்.

அப்போது லெட்சுமி அக்கா வேன் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். என் காரைப் பார்த்துவிட்டுத் தேநீர் கொண்டு வந்திருக்கிறார். துண்டு மடியில் கிடந்தது. வீக்கத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தேநீர்க் கோப்பையை வேனின் படியில் வைத்தார்.

“எத்தன நாளா மறச்சீங்க?”

அண்ணன் துண்டை எடுத்து மறுபடி கழுத்தில் போடப் போனார்.

“இத வச்சுக்கிட்டா என் கொழம்ப மண்ணுன்னு சொன்னீங்க?”

“வாயிதான் மண்ணு லெட்சுமி. ஒன் கொழம்பு இல்ல.”

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் சொன்னது ஒன்று, நான் சொன்னது ஒன்று, தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். பெரிய மனதோடு மன்னித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் அப்படிச் செய்யவில்லை. “ஒங்கள நம்பித்தானே மிஸ்ஸி கெடா வெட்டுனோம்” என்றார். ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை இருவரும் கிளினிக்குக்கு வந்தார்கள். எடை நிறையக் குறைந்திருந்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் தடவினார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. தொண்டைக்குள் புதிதாக எதுவும் தெரியவில்லை, கழுத்து வீக்கம் நீர்த் தேக்கம் மாதிரி இருக்கிறது, ஆனால் தடவிப் பார்த்ததை மட்டும் வைத்து எதையும் முடிவாகச் சொல்லப் போவதில்லை, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். இந்தத் தடவை ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். எனக்கே வியர்த்துவிட்டது.

ஸ்கேன் எடுத்து முடிவு வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் லெட்சுமி அக்கா இரண்டு தடவை போன் செய்தார். முடிவைப் பற்றிக் கேட்கவே இல்லை. கஞ்சியில் என்ன சேர்த்தால் எடை ஏறும், தயிர் எரியாமல் இறங்குமா, முட்டையை எப்படிக் கரைப்பது என்றுதான் கேட்டார். பொறை ஏறாமல் தாடையைத் தாழ்த்தி விழுங்கும் முறையைப் கிளினிக்கின் பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை அண்ணன் வீட்டுக்குள்ளேயே, மேசையில் உட்கார்ந்து செய்கிறார் என்றும் அக்கா சொன்னார்.

முடிவு சொல்லும் நாள் டாக்டர் என்னை முதலிலேயே உள்ளே கூப்பிட்டார். நோயாளியிடம் சொல்லப்போகும் வாக்கியத்தைத் தமிழில் எப்படிச் சொல்வாய், எனக்குச் சொல்லிக் காட்டு என்றார். சொன்னேன். திரும்பச் சொல் என்றார். ஒரு தாளில் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். வீராசாமி அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தாளைப் பார்க்காமல், அவரே சொன்னார்.

“இன்னைக்கு, என் கண்ணுக்கு, ஒன்னும் தெரியல.”

உச்சரிப்பு தப்பாக இருந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு தெரியல. அப்ப நாளைக்கு?”

நான் அதை மலாயில் கேட்டேன். டாக்டர் முக்காலியை இன்னும் கிட்ட இழுத்தார். “நாளைக்கு எனக்கும் தெரியாது. அதனால்தான் உங்களை மறுபடி மறுபடி வரச் சொல்கிறேன்” என்றார். அதை அப்படியே தமிழில் சொன்னேன். சொல்லும்போதே இவர் உடைந்துவிடுவார் என்று பயந்தேன். பின்னந்தலையைத் தாங்குகிற மாதிரி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர் உடையவில்லை. நீளமாக மூச்சு விட்டார்.

“டாக்டருக்கும் தெரியாதா?”

“தெரியாதாம்ணே.”

“இத்தன நாளா எனக்கு மட்டுந்தான் தெரியலன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் மிஸ்ஸி.”

பதினெட்டு வருடத்தில் அந்த அறையில் எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அழுதது நான்தான். டாக்டர் டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

ஸ்கேனிலும் நீர்த் தேக்கமாகவே தெரிந்த கழுத்து வீக்கத்துக்கு அன்று பிசியோதெரபிப் பிரிவுக்கு அனுப்பினோம். அங்கே லெட்சுமி அக்காவுக்குக் கழுத்தைத் தடவிவிடும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். நம் ஆட்களுக்குத் தடவுவது என்றால் எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்ப்பதுதான் தெரியும். இதில் அழுத்தவே கூடாது. தோலை மட்டும் மெதுவாகத் தோள் பக்கம் தள்ள வேண்டும். அது தனக்கு வர மூன்று வாரம் ஆனது என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் என்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. எச்சில் முன்போல ஊறவே இல்லை. வேனில் எப்போதும் தண்ணீர்ப் போத்தல் இருக்கும். இனிப்பு ருசி திரும்பியது, உறைப்பு திரும்பவில்லை. போன் வந்தால் எடுத்துப் பேசத் தயங்கும் அளவுக்குத்தான் குரல் தேறியது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தின வாரம் அண்ணன் சிடுசிடுவென்று இருப்பார். காது வலித்தால் நோய், இருமல் வந்தால் நோய். ஒரு தடவை உம்பாய் கடற்கரைக் கடைக்கு மீன் சாப்பிடப் போய் முள் தைத்ததற்குக்கூட, அதுதான் வந்துவிட்டது என்று இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்திருக்கிறார். “அந்த வாரம் அவரு பேச மாட்டாரு மிஸ்ஸி. நானும் எதும் கேக்க மாட்டேன். பக்கத்துல உக்காந்து சீரியல் பாப்போம்” என்பார் அக்கா.

இடைவெளி கூடிக்கொண்டே போனது. மூன்று மாதம், நான்கு மாதம், ஆறு மாதம். நான் ஓய்வு பெறுவதற்கு முன் அவர்கள் கடைசியாக வந்த நாளில் சிகிச்சை முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. டாக்டர் எல்லாவற்றையும் வழக்கம்போல் பார்த்தார், வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். பிறகு, இனி வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும், நடுவில் ஏதாவது என்றால் தேதி இல்லாமலேயே வரலாம் என்றார். அந்த அறையில் இதைக் கேட்டவர்கள் எழுந்து நின்று கும்பிட்டிருக்கிறார்கள். வீராசாமி அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஒரு வருஷமா மிஸ்ஸி? அவ்ளோ நாளு யாரும் பாக்காம விட்டா எப்புடி?”

என்னைத் திரும்பிப் பார்த்த டாக்டரிடம் அந்தக் கேள்வியை மலாயில் எப்படிக் கேட்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். லெட்சுமி அக்கா எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டினார். அண்ணனின் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தார்.

“அவங்க வருஷத்துக்கு ஒருக்கா பாக்கட்டும். நான் தெனம் காலையில தொட்டுப் பாக்குறேன்ல” என்றார். “எந்திரிங்க.”

அண்ணன் எழுந்தார்.